இஸ்திரிப்பெட்டிப் பாறை

நவம்பர் 7, வெள்ளி

பெனடிக்ட் சார் இன்று காலை துக்ம் கிளம்பினார். அங்கே புது மின்நிலையம். இரண்டு வருட வேலை. மஸ்கட்டுக்கு மேற்கே நாங்கள் இருக்கும் இப்ரியிலிருந்து காரில் ஐந்து மணி நேரம். நடுவில் பாலைவனம் தவிர வேறொன்றும் இல்லை. போகிற வழியில் கல்லூரிக் குடியிருப்பு வாசலில் வண்டியை நிறுத்தி, நீலக் கயிற்றையும் கொக்கிப் பையையும் என்னிடம் கொடுத்தார்.

"இது உங்க கயிறு சார்."

"அங்க வச்சு என்னத்த மேடம் கட்ட? துணி காயப்போடவா? நீங்களே வச்சிருங்க. நல்ல ஆள் கிடைச்சா ஏறுங்க. கிடைக்கலன்னா தனியா ஏறிறாதீங்க. தனியா ஏறிறாதீங்க, சொல்லிட்டேன்."

தூத்துக்குடிக்காரர். முக்கியம் என்று நினைப்பதை இரண்டு முறை சொல்வார்.

நான்கு குளிர்காலமாக அனேகமாக எல்லா வெள்ளியும் நாங்கள் பாறை ஏறினோம். கோயம்புத்தூரில் அண்ணனுக்கு இதை ஒரு முறை விளக்க முயன்றேன். பாறை உச்சியில் ஒரு வளையம் கட்டி அதற்குள் கயிற்றை விடுவோம். ஒரு முனை ஏறுபவரின் இடுப்பில், மறுமுனை கீழே நிற்பவரின் கையில். ஏறுபவர் வழுக்கினால் கீழே இருப்பவர் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். "அவுரு பிடிக்கலைன்னா?" என்றார் அண்ணன். அந்தக் கேள்விக்கு இதுவரை எனக்குப் பதில் தேவைப்படவில்லை.

மதியம் துணி துவைத்தேன். பால்கனிக் கொடி அறுந்துவிட்டது. நீலக் கயிற்றைக் கட்டலாமே என்று தோன்றியது. கட்டவில்லை. கடைக்குப் போய் வேறு கொடி வாங்கி வந்தேன்.

நவம்பர் 10, திங்கள்

டீனிடமிருந்து கடிதம். என் ஒப்பந்தம் மே மாதம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் புள்ளியியல் நடத்த விருப்பமா, ஜனவரி முடிவதற்குள் சொல்லவும்.

மாலையில் அண்ணன் ஃபோன். அவருக்கு எப்படியோ இந்த மாதிரிக் கடிதங்களின் வாசம் அடித்துவிடும்.

"மாடி போர்ஷன் சும்மாத்தான் கெடக்குது சாரு. அந்தப் பொட்டல்காட்டுல இன்னும் என்ன இருக்குது உனக்கு?"

"பாக்கலாங்ண்ணா."

"இதயேதான் போன தடவையும் சொன்ன."

மாடி போர்ஷனில் தெற்குப் பார்த்த ஜன்னல் உண்டு, காற்று வரும். குறை சொல்ல ஒன்றுமில்லை. பொட்டல்காட்டில் என்ன இருக்கிறது என்ற கேள்வியும் நியாயமானதுதான்.

நவம்பர் 14, வெள்ளி

ஆங்கிலத் துறை ஸ்டூவர்ட் இளமையில் நிறைய மலை ஏறியவராம். கல்குவாரிக்குப் பின்னால் உள்ள சின்னப் பாறைக்கு அழைத்துப் போனேன். இரண்டு மாடி உயரம்தான் இருக்கும். முக்கால் தூரம் ஏறியதும் இழுத்துப் பிடிக்க ஆளில்லாமல் கயிறு தளர்ந்து என் முன்னால் ஊஞ்சல் மாதிரித் தொங்கியது. குனிந்து பார்த்தேன். ஸ்டூவர்ட் ஒரு பருந்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

நல்ல படம். இறங்கிய பிறகு காட்டினார்.

நவம்பர் 22, சனி

மெஸ்ஸில் சாப்பிடும் ஜித்தின், கோட்டயத்துப் பையன், பாறை ஏற ரொம்ப ஆசை என்றான். வந்ததும் ஃபோனை ஒரு கல்லில் சாய்த்துவைத்தான். நான் பாதியில் இருக்கும்போது கீழேயிருந்து குரல்: "ஆன்ட்டி, சும்மா ஒண்ணு விழுங்களேன். வியூஸ் வரும்."

இரண்டு பேரைச் சோதித்து இரண்டு பேரும் தேறவில்லை. இரண்டை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன். எனக்கு இரண்டே போதும்.

நவம்பர் 28, வெள்ளி

ஆள் இல்லை. பொட்டுக்கடலை வாங்கினேன்.

டிசம்பர் 3, புதன்

வலது தோள்பட்டையில் வலி. வகுப்பில் பலகையில் எழுத முடியவில்லை. சந்தைக்கு அருகே உள்ள கிளினிக்குக்குப் போனேன். பிசியோதெரபிஸ்ட் ஒரு தமிழ்ப் பெண். ஜுலைஹா, காயல்பட்டினம். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் ஷாஹுல் பெட்ரோல் பங்கை ஒட்டி டயர் கடை வைத்திருக்கிறார். இதையெல்லாம் நான் கேட்கவில்லை. என் தோளைத் திருப்பியபடி அவளே சொன்னாள். கூடவே இப்ரியில் நல்ல மீன் கிடைக்கிற கிழமை, கிடைக்காத கிழமை, அதற்கான காரணம்.

சட்டென்று பேச்சை நிறுத்தி என் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள்.

"மேடம், சாக்பீஸ் பிடிச்ச கைக்கு இந்தத் தோல் வராதே. பாறை ஏறுவியளோ?"

இந்த ஊரில் யாரும் என் கையைப் பார்த்து எதையும் கண்டுபிடித்ததில்லை.

மஸ்கட்டில் வேலை பார்த்த இரண்டு வருடமும் அவள் ஒரு ஜிம்மில் செயற்கைச் சுவர் ஏறியிருக்கிறாள். "இங்க வந்ததும் விட்டுப்போச்சு. துணைக்கு ஆள் வேணுமே. டயர்கார மச்சானை நிறுத்தினா கயித்த விட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாஹ."

பிளாஸ்டிக் பிடிகளில் ஏறியவர்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. வாய் ஓயாமல் பேசுகிறவர்களைப் பற்றி அதைவிடக் குறைவு. தோள் சரியானதும் பார்க்கலாம் என்று சொல்லி வந்துவிட்டேன்.

டிசம்பர் 12, வெள்ளி

தோள் சரியாகிவிட்டது. வேறு சாக்கு இல்லாததால் ஜுலைஹாவைக் குவாரிப் பாறைக்கு அழைத்துப் போனேன். முக்காட்டை இறுக்கிப் பின் குத்திக்கொண்டு, நீளச் சட்டைக்கு மேல் ஹார்னஸ் என்கிற இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு, நான் யோசித்து யோசித்து ஏறுகிற இடத்தில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஓடினாள். பிளாஸ்டிக் பற்றி எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

அடுத்து நான் ஏற, அவள் கயிறு பிடித்தாள். பேசிக்கொண்டே இருந்தாள். அவள் மாமியார் புளி கரைக்கிற விதம் சரியில்லையாம். பேச்சில் இருப்பவளின் கவனம் கயிற்றில் இருக்க முடியுமா? பாதி உயரத்தில், எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல், கையையும் காலையும் ஒருசேர விட்டேன்.

ஒரு சாண்கூட இறங்கவில்லை. கயிறு விறைத்து நின்றது. நான் அந்தரத்தில் தொங்கினேன்.

"சோதனை முடிஞ்சுதா மேடம்? இன்னும் உண்டுமா?" என்றாள் கீழேயிருந்து. பதிலுக்குக் காத்திருக்காமல் புளிக்குத் திரும்பிவிட்டாள்.

காரில் வரும்போது, நான்கு வருடத்தில் ஒரு முறைகூட நான் பாறையிலிருந்து தவறி விழுந்ததில்லை, நிச்சயமில்லாத பிடியைத் தொடவே மாட்டேன் என்று அவளிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அப்போ கயித்த எதுக்குக் கட்டினியோ?"

டிசம்பர் 20, சனி

ஆள் கிடைத்தாயிற்று. இனிப் பாறை வேண்டும். குவாரிப் பாறை இரண்டு முறை ஏறினால் அலுத்துவிடும். பெனடிக்ட் சாரும் நானும் ஏறிய பள்ளத்தாக்குக்குப் போகிற பாதை அக்டோபர் வெள்ளத்தில் அடித்துப் போய்விட்டது. இன்று ஜுலைஹாவுடன் தெற்கே வெகுதூரம் போய் இரண்டு குன்றுகளைப் பார்த்தோம். ஒன்று கை வைத்தாலே பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. இன்னொன்றின் நடுவில் தேன்கூடு.

அவளிடம் இஸ்திரிப்பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று.

இப்ரியிலிருந்து மலைப்பக்கம் அரை மணி நேரம் போனால் ஹுஜைர் என்ற சிற்றூர். பேரீச்சந்தோப்பு, கொஞ்சம் வீடுகள், அவற்றுக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு சுண்ணாம்புப் பாறை. நிமிர்த்தி வைத்த இஸ்திரிப்பெட்டி போலவே இருக்கும். உச்சி கூர். பாதிக்கு மேலே கைப்பிடி போல ஒரு பிதுக்கம். மதியத்துக்கு மேல் முழுக்க நிழல். பெயர் வைத்தது பெனடிக்ட் சார். இந்த வட்டாரத்திலேயே இதைவிட நல்ல பாறை நான் பார்த்ததில்லை. அதில் நாங்கள் கை வைத்ததும் இல்லை.

மூன்று வருடம் முன்பு போய் அனுமதி கேட்டோம். சைஃப் என்ற பெரியவர் மிக மரியாதையாக, பேரீச்சம்பழம் கொடுத்து, "கல் விழும், வேண்டாம்" என்றார். பெனடிக்ட் சார் விடவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே மூன்று நான்கு தடவை போய்க் கேட்டார். ஒவ்வொரு தடவையும் பேரீச்சம்பழம், ஒவ்வொரு தடவையும் கல் விழும். நான் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். ஆண்கள் பேசுகிற இடத்தில் போய் நிற்பது அந்த ஊர் முறைக்குச் சரியாக இருக்காது என்று நினைத்தேன்.

"கல் விழுமா, நெசமா?" என்றாள் ஜுலைஹா.

விழாது. பாறை அடியில் புதிதாக விழுந்த கல் ஒன்றுகூடக் கிடையாது. ஆடுகள் அங்கேதான் படுத்து அசைபோடும். கல் விழுகிற இடத்தில் ஆடு படுக்காது. இந்த விஷயத்தில் ஆடுகளின் கருத்துக்கணிப்பை நான் நம்புகிறேன். ஆகவே சொல்லப்பட்ட காரணம் பொய். உண்மைக் காரணம் என்னவென்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது: காருக்குப் பக்கத்தில் நின்ற, தலை மறைக்காத, பாறை ஏறுகிற பெண். சைஃப் அதை முகத்துக்கு நேரே சொல்லாத நல்ல மனிதர்.

இதையும் ஜுலைஹாவிடம் சொன்னேன். "அந்த ஊரு மோஸா உம்மா எங்கிட்டதான் முட்டுக்கு வைத்தியம் பாக்குறாஹ. வாங்கோ, கேட்டுப்புடுவோம்" என்றாள்.

கேட்டால் தெரிந்துவிடும் என்பது எனக்கு எப்போதும் சந்தேகமான கொள்கை.

டிசம்பர் 26, வெள்ளி

மழை. இப்ரியில் மழை என்றால் ஊரே காரை எடுத்துக்கொண்டு தண்ணீர் பார்க்கப் போகிறது. நான் விடைத்தாள் திருத்தினேன். பெனடிக்ட் சார் ஃபோன் செய்தார். துக்மில் அழகழகான பாறைகள் இருக்கின்றனவாம், வேலி போட்டு வைத்திருக்கிறார்களாம். "பாத்துட்டு வரலாம் மேடம், தொடக் கூடாது. மியூசியம் மாதிரி." சாப்பாடு பரவாயில்லை. கயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டார். கயிறு நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜனவரி 3, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

ஹுஜைரில் மோஸாவின் வீட்டுக்குப் போனோம். அறுபது வயதுக்காரி, கனத்த உடம்பு, சிரித்த கண்கள். பெண்கள் அறையில் ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். கஹ்வா வந்தது, ஏலக்காய் மணக்கும் கறுப்புக் காப்பி. குடித்துக் குடித்து வைத்தேன். வைக்க வைக்க நிரப்பினார்கள். வயிறு முட்டியபோது ஜுலைஹா என் காதருகே, "கோப்பையை ஆட்டுங்கோ மேடம், ஆட்டுனாத்தான் நிறுத்துவாஹ" என்றாள். நாலு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். வீடுகளுக்குள் போனதில்லை என்பதால் தெரியாது.

மோஸாவின் கணவர்தான் சைஃப் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பாறை ஏற விரும்புகிறோம் என்று ஜுலைஹா அரபியில் சொன்னாள். மேலே என்ன இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். ஒன்றுமில்லை. பின்னே ஏன்? ஜுலைஹா என்னைப் பார்த்தாள். நான் கோப்பையைப் பார்த்தேன். அவளே ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்து, என்னைப் பரிவோடு பார்த்தார்கள்.

"கல் விழும் என்கிறார்களே, அது ஏன் என்று கேள்" என்றேன்.

கேட்டாள். அப்புறம் யாரோ ஒரு பெண் முக்காட்டு நுனியை வாயில் அழுத்திக்கொண்டு சிரிக்க, சிரிப்பு சுற்றி வந்தது. மோஸா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, என் மணிக்கட்டைப் பற்றி, தோட்டம் வழியாக நடத்திக்கொண்டு போனாள். ஃபலஜ் என்கிற கால்வாய் மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு மண்சுவர் அடைப்பு. ஆள் உயரத்துக்கு மேல் நாலு பக்கமும் சுவர். உள்ளே கல் பாவிய தரையில் தண்ணீர் சலசலத்துப் போகிறது. வெந்நீர் மாதிரி இளம் சூடு. சுவரில் ஒரு சோப்புப் பெட்டி, இரண்டு துண்டுகள்.

பெண்கள் குளிக்கும் இடம்.

மோஸா விரலால் மேலே காட்டினாள். நிமிர்ந்தேன். கூரை கிடையாது. தலைக்கு நேர் மேலே, வானத்தை அடைத்துக்கொண்டு, இஸ்திரிப்பெட்டி.

அவ்வளவுதான் விஷயம். அந்நிய ஆண் ஒருவன் வந்து அனுமதி கேட்கும்போது, அங்கிருந்து பார்த்தால் எங்கள் பெண்கள் குளிப்பது தெரியும் என்று எந்த ஆண் சொல்லுவான்? தன் வீட்டுப் பெண்களைப் பற்றி அந்நியனிடம் பேச்சே எடுக்காத ஊர். ஆகவே கல் விழுந்தது.

"நீங்க ரெண்டு பேரும் பொம்பளையள்தானே, உங்களுக்குக் கல் விழாதுங்கிறாஹ" என்றாள் ஜுலைஹா. "கார்க்கிட்ட நின்னுக்கிட்டே இருக்குமே ஒரு பொம்பளை, அது ஏன் ஒரு தடவையும் உள்ள வரலைன்னு அப்பவே பேசிக்கிட்டாஹளாம். தலைக்கனம்னு நெனச்சாஹளாம்."

காரிலிருந்து இந்தச் சுவருக்கு இருபது தப்படி இருக்கும். நான் அதை மரியாதை என்று நினைத்து நின்றுகொண்டிருந்தேன்.

நிபந்தனைகள்: பெண்கள் மட்டும். சனிக்கிழமை அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு. ஃபோன்கள் மோஸா வீட்டுக் கூடையில் இருக்க வேண்டும். ஒரு படமும் எடுக்கக் கூடாது. சைஃபிடம் மோஸா பேசிக்கொள்வாள்.

காரில் கேட்டேன், ஏன் ஏறுகிறோம் என்பதற்கு என்ன பதில் சொன்னாய்?

"வீட்ல சும்மா உக்கார முடியாத வியாதி இவஹளுக்கு, டாக்டர்தான் ஏறச் சொன்னார்னேன். வேற என்னத்தச் சொல்ல?"

மாலையில் பெனடிக்ட் சாருக்கு ஃபோன் செய்து சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"மேடம். அந்த மனுஷன்ட்ட நாலு தடவ போய்க் கேட்டேனே மேடம்."

"ஆமாம் சார்."

"பைனாகுலர் வேற வச்சுப் பாத்தேனே, அவரு முன்னாலயே. நல்லா தெரியுது, நல்லா தெரியுதுன்னு சொன்னேனே."

அதற்கு மேல் இரண்டு பேராலும் பேச முடியவில்லை. நான் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆகிறது என்று தெரியவில்லை. வயிறு வலிக்கிறது.

ஜனவரி 10, சனி

சைஃபின் பதில் இன்னும் வரவில்லை. இட்லிக்கு அரைத்தேன். குளிரில் மாவு பொங்க மறுக்கிறது. போர்வை சுற்றி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 14, புதன்

சம்மதம் வந்துவிட்டது. ஜுலைஹா கிளினிக்கிலிருந்து ஃபோன் செய்து சொன்னாள். "கல் விழும், பாத்து ஏறச் சொல்லுன்னாராம் பெரியவர். அவரு வார்த்தைய மாத்திக்க மாட்டாரு லாத்தா."

மேடம் எப்போது லாத்தா ஆனது என்று கவனிக்கவில்லை. காயல்பட்டினத்தில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்களாம். திருத்தலாமா என்று யோசித்தேன். ஒரு சொல்தானே.

ஜனவரி 17, சனி

பாறையின் முதுகுப்பக்கம் ஆட்டுத்தடம் ஒன்று உச்சிக்குப் போகிறது. அதன் வழியாகப் போய் பெரிய பாறாங்கல்லைச் சுற்றி வளையம் கட்டினோம். நான் கட்டியதை அவள் பார்த்தாள், அவள் கட்டியதை நான் பார்த்தேன். நீலக் கயிறு தரைவரை தாராளமாக எட்டியது.

முதலில் ஜுலைஹா. கைப்பிடி என்று நாங்கள் பெயர் வைத்த பிதுக்கத்துக்கு அடியில் ஒரு நொடி நின்றாள், காலை விட்டாள், எட்டினாள், மேலே போய்விட்டாள். அடைப்புக்குள்ளிருந்து பெண்கள் குலவை போல நாக்கைச் சுழற்றிக் கூவினார்கள்.

அப்புறம் நான். பிதுக்கம் வரை அருமையான பாறை. விரல் போகிற இடமெல்லாம் பிடி. பிதுக்கத்துக்கு அடியில் நின்றபோது தெரிந்தது, கைப்பிடியில் பிடிக்க ஒன்றுமில்லை. இரண்டு காலையும் விட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்பை எட்டிப் பிடிக்க வேண்டும்.

"இருக்கு லாத்தா! பெட்டி மாதிரி ஆழமா இருக்கு. எட்டுங்கோ."

அவள் பிடித்ததை நான் பார்த்தேன். இருந்தாலும் அது அவள் கைக்கு இருந்த விளிம்பு. என் கைக்கு இருக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? கையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, ஏறிப் போன பிடிகள் வழியாகவே, ஒவ்வொன்றாக, இறங்கி வந்தேன். கயிற்றில் சாய்ந்துகூட இறங்கவில்லை.

ஜுலைஹா கயிற்றை இழுத்துச் சுருட்டத் தொடங்கினாள்.

மோஸா சாம்பிராணிப் புகை மணக்கும் ஒரு துண்டைக் கொடுத்து முகம் துடைத்துக்கொள்ளச் சொன்னாள்.

ஜனவரி 24, சனி

மறுபடியும் பிதுக்கம் வரை. மறுபடியும் இறங்கினேன்.

ஜனவரி 29, வியாழன்

அண்ணன் மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லட்டுமா என்றார். வேண்டாங்ண்ணா என்றேன். டீனுக்கு விருப்பம் என்று பதில் அனுப்பிவிட்டேன், இரண்டு வருடம்.

"அங்க அப்படி என்னதான் இருக்குது சாரு?"

"ஒரு வேலை பாதியில நிக்குதுங்ண்ணா."

உண்மைதான். எந்த வேலை என்று அவர் கேட்கவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

பெனடிக்ட் சார் நாளை மறுநாள் இப்ரி வருகிறாராம். இங்குள்ள கடையில் ஒரு ட்ரில் மெஷின் பார்த்து வைத்திருந்தாராம், அதை வாங்கிப் போக. ட்ரில் மெஷின் துக்மிலும் கிடைக்கும். கேட்கவில்லை.

"அப்படியே ஹுஜைருக்கும் வாறேன் மேடம். ஏற மாட்டேன், பாக்க மாட்டேன். அந்தப் பெரியவர்ட்ட ஒரு மன்னிப்பு கேக்கணும்."

"மன்னிப்பு கேட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டிவரும் சார். அவருக்குச் சங்கடம்."

"ஆமால்ல. அப்போ சும்மா உக்காந்துட்டு வாறேன்."

முருங்கைக்காய் வாங்கினேன். அவருக்குப் பிடிக்கும் என்பதற்காக அல்ல. இந்த வாரம்தான் கடைக்கு வந்தது.

பிப்ரவரி 7, சனி

பெனடிக்ட் சாரை சைஃபின் ஆண்கள் கூடத்தில் விட்டுவிட்டு நாங்கள் போனோம். அந்தக் கூடத்துக்கு மலைப்பக்கம் ஜன்னல் கிடையாது. போகுமுன் அவர் என் இடுப்புப் பட்டையை ஒரு முறை பார்த்தார், பழக்கதோஷம். ஹார்னஸ் மாட்டியே கிளம்பியிருந்தேன். பிறகு ஜுலைஹாவிடம், "நல்லா பிடிம்மா" என்றார். ஒரு முறைதான் சொன்னார்.

"அதெல்லாம் பிடிப்பேன் சார். நீங்கோ கோப்பையை ஆட்ட மறந்துடாதியோ."

பிதுக்கத்துக்கு அடியில் போய் நின்றேன். காற்று இல்லை. கீழே ஜுலைஹா பேசிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு விஷயம் ஷாஹுல் யாருக்கோ கடனில் கொடுத்த டயர். இடையில் பேச்சை நிறுத்தாமலே, "நான் இருக்கேன் லாத்தா" என்றும் சொன்னாள். டயரைப் பற்றிச் சொன்ன அதே குரலில்.

காலை விட்டேன்.

விளிம்பு இல்லை. விரல் நுனி வழவழப்பான கல்லில் உரசி வந்துவிட்டது. ஐம்பது வயதை நெருங்கும்போது முதன்முதலாக விழுந்தேன். வானமும் தோப்பும் இடம் மாறின. அப்புறம் இடுப்பில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். தொங்கிக்கொண்டிருந்தேன். விழுவது என்பது இவ்வளவுதான் என்றால் இத்தனை வருடம் எதற்கு.

"கொஞ்சம் இடது பக்கம்" என்றாள் ஜுலைஹா. "நீங்க வலப்பக்கம் எட்டிட்டியோ."

இரண்டாவது முறை இடது பக்கம் எட்டினேன். இருந்தது. பெட்டி மாதிரி ஆழமாக, நாலு விரலும் முழுக்க உள்ளே போகிற மாதிரி.

மேலே ஒரு திட்டு உண்டு, உட்காரலாம். உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். கீழே அடைப்பு முழுதாகத் தெரிந்தது: நாலு சுவர், நடுவே மின்னுகிற தண்ணீர், சோப்புப் பெட்டிகூட. மோஸாவும் இன்னும் மூன்று பேரும் பாவாடையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மோஸா அண்ணாந்து பார்த்து, சுருங்கின கையை உயர்த்தி ஆட்டினாள். நானும் ஆட்டினேன். சைஃபின் வீட்டுக் கூரை தெரிந்தது. அதற்கு அப்பால் பேரீச்சந்தோப்பு, அதற்கு அப்பால் மணல். கண் எட்டும் வரை மணல். அண்ணன் சொன்ன பொட்டல்காடு.

இறங்கும்போது கயிற்றில் முழுக்கச் சாய்ந்து, பாறையைத் தொடாமல் இறங்கினேன். ஜுலைஹா மெல்ல மெல்லக் கயிற்றை விட்டாள்.

"அழுவுறியளா லாத்தா?"

"கையில் பூசிய வெள்ளைப் பொடி கண்ணில் பட்டுவிட்டது."

"ஆமா ஆமா, அது படும்."

ஆண்கள் கூடத்தில் பெனடிக்ட் சாரும் சைஃபும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கிளம்பும்போது சைஃப் என்னைப் பார்க்காமல், பெனடிக்ட் சாரிடம், அங்கே கல் விழும் என்றாராம். ஆமாம், ஜாக்கிரதையாக இருக்கணும் என்றாராம் இவர். இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். கோப்பையை ஆட்டத்தான் பெனடிக்ட் சார் மறந்துவிட்டார். காரில் ஏறியதும் ஒன்பதாவது கஹ்வா நெஞ்சு வரை நிற்கிறது என்றார்.

ஜுலைஹாவை டயர் கடையில் இறக்கிவிட்டோம். அப்புறம் பெனடிக்ட் சார் கேட்டார்.

"எப்படி இருந்துச்சு மேடம்? ஃபோட்டோவும் கிடையாது. நான் உள்ள சுவரத்தான் பாத்துட்டு இருந்தேன். நீங்க சொன்னாத்தான் உண்டு."

சொல்ல ஆரம்பித்தேன். கல்லூரிக் குடியிருப்புக்குத் திரும்புகிற ரவுண்டானாவை அவர் தாண்டிப் போய்விட்டார். தாண்டிவிட்டதை நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

நேற்று காலையிலேயே வைத்த முருங்கைக்காய்க் குழம்பு, இன்று இன்னும் நன்றாக இருந்தது. பெனடிக்ட் சார் மதியம் கிளம்பினார். ட்ரில் மெஷின் வாங்க மறந்துவிட்டாராம், அடுத்த மாதம் வர வேண்டியிருக்கிறது.

நேற்றைய பக்கம் முழுவதையும், ரவுண்டானா வரை, இன்று காலைதான் உட்கார்ந்து எழுதினேன். நேற்று எழுதவில்லை. எழுத எதுவும் மிச்சம் இல்லை, எல்லாவற்றையும் பெனடிக்ட் சாரிடம் வாயால் சொல்லிவிட்டிருந்தேன்.